சங்குக்கு முன் சண்டை

நான் செஸ் கற்றுக்கொண்டது துறைமுகத்தில் ஒரு சரக்குக் கிடங்கின் ஆபீசில், மதியச் சாப்பாட்டு வேளையில். சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. இறங்குகிற மூட்டைகளைச் சரிபார்க்கும் குமாஸ்தா வேலை எனக்கு. சாப்பாட்டு நேரம் முடிந்ததும் சங்கு ஊதும். ஊதியவுடன் பலகையைக் கலைத்துவிட வேண்டும். அந்த ஆபீசில் இருந்த ஒரே பெரிய மேஜையில்தான் ஆடுவோம். பில் கட்டுகள் அதன்மேல் வந்து உட்காரக் காத்திருக்கும். முடியாத ஆட்டத்துக்கு எங்களிடம் மதிப்பு இல்லை. எவ்வளவு நல்ல நிலையில் இருந்தாலும், சங்கு ஊதிவிட்டால் அது ஆடாத ஆட்டம்.

ஆரம்பத்தில் நான் நிதானமாகத்தான் ஆடினேன். சிப்பாய்களை ஒழுங்காக நிறுத்தி, குதிரைகளை வெளியே எடுத்து, ராஜாவைப் பத்திரமாக ஓர் ஓரத்தில் உட்கார வைத்து, சரி, இனி சண்டை போடலாம் என்று நிமிர்ந்தால் சங்கு ஊதும். மாதக்கணக்கில் நான் ஜெயிக்கவும் இல்லை, தோற்கவும் இல்லை. சக குமாஸ்தாக்கள் என்னோடு ஆடுவதைவிட ஒரு தூக்கம் போடலாம் என்றார்கள். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர்கள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை.

அந்தச் சமயத்தில் ரிப்பேருக்காக ஒரு கப்பல் வந்து நின்றது. அதன் வயர்லெஸ் ஆபரேட்டர், என் வயதுள்ள வெள்ளைக்காரன், பொழுது போகாமல் எங்கள் கிடங்குப் பக்கம் வருவான். என் ஆட்டத்தைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, அரைமணி நேரம் மட்டுமே உள்ள மனிதன் அடித்து ஆட வேண்டும் என்றான். இரண்டாவது நகர்த்தலிலேயே ஒரு சிப்பாயைச் சும்மா கொடுத்துவிட வேண்டும். எதற்குக் கொடுத்தான் என்று எதிராளி மண்டையைக் குடைந்துகொண்டிருக்கும்போது பிஷப்பையும் ராணியையும் வெளியே கொண்டுவந்து, அவன் ராஜாவுக்குப் பக்கத்தில் நிற்கும் ஒரு சிப்பாயைக் குறிவைக்க வேண்டும். அந்தச் சிப்பாய்க்கு ராஜாவைத் தவிர வேறு காவல் கிடையாதாம். இதையெல்லாம் பொறுமையாகச் சொல்லித்தந்தான். தற்காப்பைச் சொல்லித்தருவதற்குள் கப்பல் புறப்பட்டுவிட்டது.

அதற்குப் பிறகு நான் சிலரை அவர்கள் தூக்குவாளியைத் திறப்பதற்குள் தோற்கடித்தேன். முதல் அடியைத் தாங்கிக்கொண்டவர்களிடம் சங்கு ஊதுவதற்கு வெகுநேரம் முன்பே தோற்றேன். எப்படியோ ஆட்டம் முடிந்தது. நான் முன்னேறிவிட்டேன் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அந்த வருஷம்தான் அவளைக் கல்யாணம் செய்துகொள்வது என்று முடிவு செய்தேன். அவள் ராயபுரத்தில், மாதா கோயிலை ஒட்டிய பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்பு டீச்சர். என் அக்கா பிள்ளையைக் கொண்டுபோய் விடும்போது வாசலில் இரண்டு வார்த்தை பேசுவோம். ஒரு நாள் நேராகக் கேட்டுவிட்டேன். அவள் சாக்பீஸ் தூளைத் தட்டிக்கொண்டே, "வூட்ல வந்து கேளுங்க" என்றாள். பிறகு, "எங்க நைனா சம்பளம் எல்லாம் கேக்க மாட்டாரு. கூட உக்காந்து செஸ் ஆடிப் பாப்பாரு. மெதுவா ஆடுங்க, அவருக்கு அவசரம் ஆவாது" என்றாள்.

அவளுடைய அப்பா துறைமுகத்தில் டக் என்கிற இழுவைப் படகை ஓட்டும் சாரங்கு. பெரிய கப்பலைக் கயிறு கட்டி அங்குலம் அங்குலமாகக் கரைக்கு இழுத்துவருகிறவர். அந்த வேலையில் அவசரப்பட்டால் கப்பலும் போகும், கரையும் போகும். எனக்கு அது தெரியாமல் இல்லை. மெதுவாக ஆட வேண்டும் என்று வழியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டு போனேன்.

வீட்டில் பலகை தயாராக இருந்தது. காய்கள் மரக்கடைசலில் செய்தவை; ராஜாவும் ராணியும் உயரத்தில் கொஞ்சம்தான் வித்தியாசம். அவருடைய பக்கத்தை அவர் அடுக்கினார், என் பக்கத்தை நான் அடுக்கினேன். என் பார்வை உள் அறையின் திரைமேல் இருந்தது. திரைக்குக் கீழே அவள் பாதம் தெரிந்தது.

முதல் நகர்த்தலில் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினேன். அவர் அதை எடுத்து ஒரு கட்டம் பின்னால் வைத்தார்.

"இங்க சிப்பாய் நடந்துதான் போவான் தம்பி. ஓட மாட்டான்."

அவர் ஆடியது பழைய ஊர் விதிப்படி நாட்டு ஆட்டம். அங்கேயே நான் நிறுத்தி, வேறு என்னென்ன வித்தியாசம் என்று கேட்டிருக்க வேண்டும். ஆனால் கை ஆபீசுப் பழக்கத்தில் ஓடியது. ஒரு சிப்பாயைச் சும்மா கொடுத்தேன். அவர் அதை எடுத்து விரலால் உருட்டிப் பார்த்தார்.

"இத்த எதுக்குக் குடுத்தே?"

"ஒரு திட்டமுங்க."

பிஷப் போனது, ராணி போனது. இரண்டும் ஆபரேட்டர் சொன்ன சிப்பாயைப் பார்த்தபடி நின்றன. அவர் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகவே தெரியவில்லை. நான் ராணியால் சிப்பாயை வெட்டி, "மேட்" என்றேன். உள்ளே கேட்கட்டும் என்று சற்று உரக்கவே சொன்னேன்.

அவர் பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "யாருக்கு?" என்றார்.

நாட்டு ஆட்டத்தில் ராஜாவும் ராஜாவும் எதிரெதிரே உட்காருவதில்லை. என் ராஜாவுக்கு எதிரே இருந்தது அவருடைய ராணி. அதை அவர் மந்திரி என்பார். நான் படை திரட்டிக்கொண்டு போய்த் தாக்கியது மந்திரியின் வீட்டை. அவருடைய ராஜா அடுத்த கட்டத்தில் சௌகரியமாக இருந்தார். மந்திரி ஒரு கட்டம் நகர்ந்து என் ராணியை எடுத்துக்கொண்டார்.

அதற்கப்புறம் அவர் என்னை ஒரு மணி நேரம் தோற்கடித்தார். எனக்குப் போக்கிடமே இல்லாத நிலையிலும் ஒவ்வொரு நகர்த்தலுக்கும் யோசித்தார். சங்கு ஊதாதா என்று இருந்தது. ஊதவில்லை, அன்று லீவு நாள்.

காய்களைப் பையில் போட்டுக்கொண்டே அவர் அடுப்படி வாசலில் நின்ற தன் மனைவியிடம் பேசினார். நான் அங்கே இல்லாதது போலத்தான் பேசினார்.

"புள்ள நல்ல புள்ளதான். ஆனா ராஜா எங்க கீறாருன்னு பாக்காமலே சண்டைக்குப் போறான். இப்பிடி அவசரக்காரன் கையில எப்பிடிப் பொண்ணக் குடுக்கறது?"

இனி அவள் எனக்குக் கிடைக்க மாட்டாள் என்று தோன்றியது. எழுந்து சொல்லிக்கொண்டு கிளம்பிவிடலாம் என்று செருப்பைத் தேடினேன்.

அவள் திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தாள். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிற அதே குரலில் பேசினாள்.

"நைனா, மெதுவா ஆடுறவங்க இதுக்கு முன்னாடி மூணு பேரு வந்தாங்க. நல்லா யோசிச்சு யோசிச்சு ஆடுனாங்க. உனக்கும் புடிச்சிது. வூட்டுக்குப் போய் யோசிச்சுச் சொல்றோம்னு போனாங்க. இன்னும் யோசிச்சுகினு கீறாங்க. எனக்கு இருபத்தேழு முடிஞ்சிடிச்சு."

அவள் நாங்கள் காப்பி குடித்து வைத்த தம்ளர்களை எடுத்துக்கொண்டாள்.

"இவரு ஸ்கூல் வாசல்ல நின்னு என்னையே கேட்டாரு. எனக்கு இந்த அவசரம் போதும்."

அதுவரை என் அவசரத்தைப் பற்றி யாரும் ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை.

சாரங்கு காலிப் பலகையைப் பார்த்துக்கொண்டு ஒரு நகர்த்தலுக்கு யோசிப்பதுபோல் யோசித்தார். பிறகு என்னிடம் திரும்பினார்.

"ஞாயித்துக்கெழம பூச முடிஞ்சி வர்றோம். உங்க வூட்ல பெரியவங்க யாரு கீறாங்க?"

"அம்மா இருக்காங்க."

"எந்த ஞாயித்துக்கெழம நைனா?" என்றாள் அவள், கதவருகே நின்று.

அவர் அதற்கும் யோசிக்கத்தான் ஆரம்பித்தார். அவள் நகராமல் நின்றாள்.

"வர்ற ஞாயித்துக்கெழமதாம்மா" என்றார்.