புரோட்டா மாவுக்கு ஒரு மெழுகுத் துணி

கள்ளக்குறிச்சியில் எனக்குத் தெரிந்த எந்த வீட்டிலும் சாப்பாட்டைப் பிளாஸ்டிக் தாளால் சுற்றி வைப்பதில்லை. குழம்பென்றால் தட்டு போட்டு மூடுவார்கள், அவ்வளவுதான். இதை யோசிக்காமல், அந்தத் தாளுக்கு மாற்றாகத் தேன்மெழுகு பூசிய பருத்தித் துணியைத் தயாரித்துவிட்டு, எதை மூடுவது என்று தேடிக்கொண்டிருந்தேன். படிப்பு முடித்து வேலை கிடைக்காமல் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தால் இப்படித்தான்.

மெழுகு, கல்வராயன் மலையில் தேன் எடுக்கிற ஒருவரிடம் வாங்கியது. துணி ஒட்டிக்கொள்வதற்கான குங்கிலியப் பிசின் நாட்டு மருந்துக் கடையில் கிடைத்தது. இரண்டையும் கொஞ்சம் எண்ணெயோடு உருக்கித் துணியில் ஊற்றி, வீட்டு இஸ்திரிப் பெட்டியால் தேய்த்துப் பரப்பினேன். அப்பாவின் வேட்டிகள் இன்றும் தேனடை மணக்கின்றன. தேங்காய் மூடியில் கட்டிப் பார்த்தேன், அருமையாக ஒட்டியது. ஆனால் எங்கள் வீட்டில் தேங்காய் மூடி மறுநாள் வரை தங்குவதே இல்லை.

கடைசியில் அதற்கான இடத்தைக் கண்டுபிடித்தேன். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் நாங்கள் வழக்கமாகச் சாப்பிடுகிற பாய் கடை. உருட்டிய புரோட்டா மாவு காயாமலிருக்க, மாஸ்டர் அதன்மேல் பிளாஸ்டிக் தாளை விரித்திருப்பார். கடை மூடும்போது அது சாக்கடையில் கிடக்கும். மறுநாள் புதுத் தாள். சூடில்லாத மாவு, காயவும் கூடாது. இதைவிட என்ன வேண்டும்? பாய் ஒத்துக்கொண்டால் அந்தத் தெருவில் உள்ள மற்ற கடைகளும் ஒத்துக்கொள்ளும் என்று நம்பினேன்.

"இன்னா தம்பி, அப்பளம் மாதிரி வெறப்பா கீது?" என்றார் மாஸ்டர்.

"துணிதான் மாஸ்டர். கைச்சூடு பட்டா வளையும். கழுவிக் கழுவிப் போடலாம். சுடுதண்ணி மட்டும் ஆவாது."

மாஸ்டர் கொத்து புரோட்டா போட்டுக்கொண்டிருந்தார். அந்தச் சத்தத்தில் எது காதில் விழுந்ததோ. கல்லாவிலிருந்த பாய், "போட்டுப் பாருங்க, கழுவறதுதானே" என்றார்.

அன்று ராத்திரி வரை மாவு மெத்தென்றே இருந்தது. எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

மறுநாள் போனபோது பாய் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தம்பி, கோச்சிக்காதீங்க. உங்க துணில எம்மாம் அழுக்கு தெரியுமா? அண்டால கொதிக்க வச்சா மஞ்ச மஞ்சளா மெதக்குது. அதப் போயி மாவு மேல போட்டுட்டோமேன்னு எனக்கு ராத்திரி பூரா மனசே சரியில்ல. மெதந்தத எல்லாத்தையும் வழிச்சு ஊத்திட்டேன்."

கொடியில் என் துணி தும்பைப்பூ மாதிரி வெளுத்துத் தொங்கியது.

"அது அழுக்கு இல்லீங்க பாய், மெழுகு. பச்சத் தண்ணில சோப்பு போட்டு அலசினா போதும்."

"எண்ணெ பட்ட துணியப் பச்சத் தண்ணிலயா? நாலு பேர் நம்பி சாப்புடற எடம் தம்பி. டம்ளரையே நான் கொதிக்கிற தண்ணில முக்காம வைக்கறதில்ல."

பையில் இன்னொரு துணி இருந்தது. எடுத்து நீட்டினேன். மோந்து பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். சுத்தம் வேண்டாம் என்று அந்த மனிதரிடம் எப்படி வாதாடுவது? கோபப்படக்கூட வழியில்லாதபடி மரியாதையாகப் பேசினார். அதுதான் ஆத்திரமாக இருந்தது.

"இப்பதான் நல்ல துணியா ஆயிருக்கு. நனச்சிப் போட்டுக்கறோம், போங்க" என்றார்.

சரி, மெழுகு போனால் போகட்டும், பிளாஸ்டிக்காவது ஒழிந்ததே என்று சாயங்காலம் வரை தேற்றிக்கொண்டேன். ஆனால் தோசைக்கல் பக்கத்தில் ஈரத்துணி எவ்வளவு நேரம் ஈரமாயிருக்கும்? மாவு ஏடுகட்டியது. மாஸ்டர் தாளை எடுக்கக் கையை நீட்டினார்.

"வேணாம் மாஸ்டர். தண்ணி தெளிச்சா போதும்."

"அப்ப நீயே நின்னு தெளிச்சிக்கினு இரு. எனக்கு ரெண்டு கைதான்."

நின்றேன். சொம்பில் தண்ணீர் வைத்துக்கொண்டு தெளித்தேன். கூட்டம் ஏறியது. மூலை மேசையிலிருந்து ஒருவர், "தம்பி, சால்னா கொஞ்சம் ஊத்துப்பா" என்றார். நான் கடை ஆள் இல்லை என்று சொல்வதைவிட ஊற்றிவிடுவது சுலபமாக இருந்தது. பக்கத்து மேசைக்கும் ஊற்ற வேண்டியதாயிற்று.

திரும்பி வந்தபோது மாவின்மேல் பிளாஸ்டிக் தாள் பளபளவென்று கிடந்தது. மாஸ்டர் என் துணியால் கல்லைச் சுற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.