தையல் மிஷின் பக்கத்தில் ஒரு மேஜை

வேதியியலில் தோற்ற என் மகளை, மறுதேர்வுக்காக எங்கள் ஆம்பூர் வீட்டின் ஜெப அறையில் சுவரைப் பார்த்து உட்கார வைத்தேன். சத்தம் வராது, கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று நம்பினேன். அவளோ தினமும் புத்தகத்தின்மேல் தூங்கினாள். ஒருநாள் கத்திவிட்டேன்.

"சத்தமில்லன்னா தூக்கம் வருதும்மா. நீ ஷூ தைக்கிற மிஷின் பக்கத்துல உக்காந்துக்கட்டா?"

"இன்னாடி, அந்தத் தடதடப்புலயா?"

"உன் ஜெபச் சத்தத்துக்கு அது கம்மிதாம்மா!"

சிரித்துவிட்டேன். மேஜையை நானே இழுத்துப் போட்டேன். மிஷின் ஓட ஓட, அதற்கு மேல் குரலெடுத்து, நடந்துகொண்டே படித்தாள்.

எண்பத்தொரு மதிப்பெண்! நான் போட்ட "ஸ்தோத்திரம்" கேட்டுத் தெருவே வாசலில் கூடிவிட்டது.

'என் பிள்ளையின் சுபாவத்தை மாற்றும், ஆண்டவரே' என்று அத்தனை நாள் மன்றாடியிருந்தேன். அவளை அப்படிப் படைத்தவரிடமே போய்க் கேட்டிருக்கிறேன்.