மேல்விலைக்குக் காத்திருந்த நாலு மாசம்

வெளிநாட்டிலயிருந்து வாகனம் இறக்கத் தடை இருந்திச்சே, அந்தத் தடையிட கடைசி வருசம் நடந்தது இது. மட்டக்களப்பில, கல்லடிப் பாலம் தாண்டிக் கொஞ்சத் தூரத்தில சின்னதா ஒரு கார் சேல் வச்சிருந்தன். இப்பவும் வச்சிருக்கன், வெக்கம் கெட்டவன். அந்தத் தடை எங்களைப் போல ஆக்களுக்கு நல்ல காலம். புது வண்டி நாட்டுக்குள்ள வராது, அதால பழைய வண்டிக்கு நாங்க வச்சதுதான் விலை. பத்து வருசம் ஓடின காரை, அது புதுசா இருந்த நேரத்து விலையைவிடக் கூட வச்சு வித்துப்போட்டு, வாங்கினவன்ட வாயாலயே நன்றியும் கேட்டுக்கொள்ளுவம்.

ஆவணி மாசம் ஒரு காலையில களுதாவளைப் பக்கத்திலயிருந்து ஒரு தங்கச்சி வந்தா. நாப்பது, நாப்பத்தஞ்சு வயசிருக்கும். அவட புருசன்ட தம்பிதான் காரை ஓட்டிக்கொண்டு வந்தவர். சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார், இரண்டே இரண்டு சீட், கூரையை மடிச்சுப் பின்னுக்குத் தள்ளலாம். குனிஞ்சு மீற்றரைப் பார்த்தன். பதினோராயிரத்துத் தொளாயிரத்து அறுபது கிலோமீற்றர். வாங்கி எட்டு வருசமாம். எனக்கு வாயெல்லாம் தண்ணி ஊறிப்போச்சு.

புருசன் கப்பலில இஞ்சினியரா இருந்தவர். சின்ன வயசு ஆசையில வாங்கின கார். ஞாயிற்றுக்கிழமையில மட்டும்தான் எடுப்பாராம், மழை இருட்டினாலே வீட்டுக்குத் திருப்பிருவாராம். இப்ப அவருக்கு இரண்டு சிறுநீரகமும் போயிற்று. கட்டாரில வேலை செய்யிற தம்பி தன்ட ஒண்டைக் குடுக்க வந்திருக்கார். பரிசோதனை எல்லாம் பொருந்தியிருக்கு. கம்பனி அவருக்கு நாலு மாச லீவுதான் குடுத்திருக்கு. கொழும்பில ஒபரேசன் செய்யவும், அதுக்குப் பிறகு காலம் முழுக்க மருந்து வாங்கவும் காசு வேணும். விக்கிறதுக்கு அந்தக் கார்தான் மிச்சம்.

எங்கட தொழிலில ஒரு பழக்கம் இருக்கு. சொந்தக்காரன் கைக்கு இவ்வளவு வேணும் எண்டு ஒரு விலை பேசுவம். அதுக்கு மேல எவ்வளவுக்கு வித்தாலும் மேல்விலை எங்களுக்கு. விலையை அவவா சொல்ல விடாம நானே முந்திக்கொண்டன். எழுபத்தஞ்சு லட்சம் கைக்குத் தாறன், தரகு ஒரு சதமும் வேணாம் எண்டு, பெரிய வள்ளல் போலச் சொன்னன். அந்தக் கிலோமீற்றருக்கு ஒரு கோடிக்கு மேல குடுக்கிற விசரன் எங்கயாவது இருப்பான் எண்டு எனக்குத் தெரியும்.

"எழுபத்தஞ்சு காணும் அண்ணன். காசு கெதியா வந்தாச் சரி," எண்டா அவ.

காரை உள்ளுக்கு வச்சு மூடிப்போட்டன். இடம் மாத்துறதெண்டாலும் ஸ்டார்ட் பண்ணாமக் கையாலதான் தள்ளுவன், மீற்றர் ஏறக்கூடாதெண்டு. ஓடிப் பார்க்கக் கேட்டவனுக்கும் இல்லையெண்டன். ரெண்டு கிழமை போக, புருசனே வந்தார். ஆசுபத்திரியில இரத்தம் சுத்தம் பண்ணிப்போட்டு வீட்டுக்குப் போற வழி, ஓட்டோவில. மெலிஞ்சு கறுத்துப்போயிருந்தார். ஒரு பின்னேரம் மட்டும் காரைத் தந்தால், பெண்சாதியை ஏத்திக்கொண்டு வீடு வரைக்கும் ஓடிப்போட்டுக் கொண்டுவந்து விடுறன் எண்டு கேட்டார். தன்ட காரை என்னட்டக் கேட்டார். போய் வர அறுபது கிலோமீற்றர். பன்னிரண்டாயிரம் தாண்டினா விலை விழும், உங்கட நன்மைக்குத்தான் சொல்லுறன் எண்டன். "ஓம், அதுவும் சரிதான்," எண்டு சொல்லிச் சிரிச்சார். கதவைத் திறந்து ஸ்டியரிங்கைக் கொஞ்ச நேரம் பிடிச்சுப் பார்த்துப்போட்டு ஓட்டோவில ஏறினார்.

மூண்டாம் கிழமை ஏறாவூரிலயிருந்து ஒருத்தர் வந்தார். சவூதியில கன காலம் இருந்திட்டு வந்தவர், மரியாதையான மனிசன். சுத்திச் சுத்திப் பார்த்தார். எண்பத்தஞ்சு லட்சம், முழுக்க ரொக்கம், அண்டைக்கே எழுதுவம் எண்டார். சும்மா கதிரையில இருந்ததுக்குப் பத்து லட்சம் என்ட கையில. நான் என்ன செய்தன் தெரியுமா? கொழும்புப் பார்ட்டி ஒண்டு தொண்ணூத்தஞ்சு சொல்லியிருக்கு எண்டு ஒரு பச்சைப் பொய் சொன்னன். அவர் என்னை ஒருக்காப் பார்த்தார். அது வராட்டிச் சொல்லுங்க எண்டு நம்பரைத் தந்திட்டுப் போனார். அண்டு பின்னேரம் அந்தத் தங்கச்சி போன் எடுத்துக் கேட்டா. ஒருத்தரும் வரல்ல எண்டன்.

பேராசை எண்டு லேசாச் சொல்லிப் போகலாம். அந்த நேரம் எனக்கு அது பேராசை மாதிரியே தெரியல்ல, கெட்டித்தனம் எண்டுதான் நினைச்சன். மறுகா இன்னொருத்தன் எண்பத்துமூண்டுக்குக் கேட்டான், அவனையும் விட்டன். மாரி தொடங்கிச்சு. தடையை எடுக்கப் போறாங்களாம், புது வண்டி வரப்போகுதாம் எண்ட கதையும் மழையோட சேர்ந்து வந்திச்சு. போன் அடிக்கிறது அப்படியே நிண்டுபோச்சு. எல்லாரும் பொறுத்துப் பார்ப்பம் எண்டுட்டாங்க. மானத்தை விட்டு ஏறாவூர்க்காரருக்கு நானே எடுத்தன். தன்ட தங்கச்சிக்குக் கலியாணம் பேசியாச்சு, காசை அவட வீட்டுக் கட்டிடத்தில போட்டிட்டன் எண்டார். எங்கட பக்கத்தில பெட்டைக்குச் சீதனமா வீடு குடுக்காம ஒரு கலியாணமும் நடக்காதே, அவரை என்ன குறை சொல்லுற?

கார்த்திகையில களுதாவளைத் தங்கச்சி மறுபடி போன் எடுத்தா. எழுபத்தஞ்சு இல்லாட்டியும் பரவாயில்ல அண்ணன், குறைச்சாவது குடுங்க, தம்பிட லீவு முடியப்போகுது எண்டா. நான் இன்னும் ரெண்டு கிழமை பொறுக்கச் சொன்னன். விலை திரும்ப ஏறும் எண்டு நம்பினன். உண்மையைச் சொன்னா, ஏறினா எனக்கும் ஏதும் மிஞ்சும் எண்டுதான் பொறுக்கச் சொன்னன்.

ஏறல்ல. தம்பி கம்பனியிட்ட லீவைக் கூட்டிக் கேட்டுப் பார்த்தார். வா, இல்லாட்டி வேலை இல்ல எண்டுட்டாங்க. அவருக்கும் மூண்டு பிள்ளைகள். அடுத்த லீவுக்கு வந்து கட்டாயம் செய்வம் எண்டு சொல்லிப்போட்டு பிளேன் ஏறிப் போனார். அவர் போய் ரெண்டு கிழமையில கார் ஐம்பத்தெட்டுக்குப் போச்சு. நான் ஒண்டும் எடுக்கல்ல. "பாவம் அண்ணன், உங்களுக்குத்தான் ஒண்டும் மிஞ்சல்ல," எண்டா அவ. என்னைப் பார்த்துத்தான் சொன்னா.

பங்குனியில அவட புருசன் மோசம் போயிற்றார். தம்பிட அடுத்த லீவு வரைக்கும் உடம்பு தாங்கல்ல. ஒபரேசன் செய்திருந்தாலும் தப்பியிருப்பாரோ ஆருக்குத் தெரியும் எண்டு என்ட பெண்சாதி எனக்கு ஆறுதல் சொல்லுவா. எண்பத்தஞ்சுக்கு ஆள் வந்த கதை அவவுக்கும் தெரியாது.

அவர் செத்து முப்பத்தோராம் நாள் காரியத்துக்கு வீட்டுக்குப் போனன். எல்லாத்தையும் சொல்லிப்போடவேணும் எண்டுதான் போனன், சத்தியமா. வாசலில கண்டதும் அவ எழும்பி வந்து, சொந்தக்காரருக்கெல்லாம் என்னைக் காட்டி, "இந்த அண்ணன்தான் காருக்காக நாலு மாசம் அலைஞ்சவர்," எண்டா. இருத்திச் சாப்பாடு போட்டா. வெளிக்கிடக்குள்ள ஒரு என்வலப்பைக் கையில வச்சா. தரகுக் காசாம். அந்த மனிசன்ட பாவம் நமக்கு வேணாம், எப்படியும் குடுத்திரு எண்டு அவர் கடைசி நேரம் சொன்னவராம்.

வேணாம் எண்டன், அவ விடல்ல. கனக்க மறுத்தா ஏன் எண்டு கேப்பா, கேட்டா சொல்லவேணும். வாங்கிக்கொண்டு வந்திட்டன். அந்தக் காசை என்ன செய்தன் எண்டு எழுதி இதில நல்லவனாகப் பார்க்கமாட்டன்.

இண்டைக்கும் ரோட்டில கண்டால் நிண்டு சுகம் விசாரிப்பா. எல்லாம் எங்கட விதி அண்ணன், வேறென்ன சொல்லுற எண்டுதான் கதையை முடிப்பா. எனக்கு ஒவ்வொருக்காவும் உயிர் போய் வரும். ஏசிக் கத்தி அழ அவவுக்கு ஒரு ஆள் இருந்திருக்கவேணும். அந்த ஆளான நான் முன்னுக்கு நிண்டுகொண்டே தலையாட்ட, அவ இன்னும் தன்ட விதியைத்தான் நொந்துகொண்டிருக்கிறா.