செவ்வாய்க்கிழமை மூன்றரை மணி

2004 அக்டோபரில் ஒரு புதன்கிழமை காலை, டொக்டர் ஒரு பைலை என் மேசையில் வைத்து, "இதை மூடுங்கள்" என்றார். அவர் பிரெஞ்சில் சுருக்கமாகப் பேசினால் முடிவு எடுத்துவிட்டார் என்று பொருள்.

மொன்ட்ரியால்-நோரில் இருந்த அந்தப் பல் மருத்துவ நிலையத்தில் வரவேற்பு மேசை என் பொறுப்பு. சொல்லாமல் இரண்டு தடவை வராதவரின் பதிவை நீக்குவது எங்கள் விதி. மறுபடி சேர வேண்டுமென்றால் புது நோயாளிகளின் வரிசையில் நிற்க வேண்டும். அது அந்த வருடம் அடுத்த வசந்தம்வரை நீண்டிருந்தது.

பைல் அபிரா என்ற ஒன்பது வயதுப் பிள்ளையுடையது. கீழ்க் கடைவாய்ப்பல்லில் ஆழமான சொத்தை. விழுந்து முளைக்கிற பாற்பல் அல்ல. கியூபெக்கில் பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளின் பல்லைச் சோதிப்பதற்கும் அடைப்பதற்கும் அரசு பணம் கொடுக்கும். பத்தாவது பிறந்தநாளோடு அது நின்றுவிடும். அபிராவுக்கு நவம்பர் கடைசியில் பத்து. தகப்பனுக்கு உணவகச் சமையலறையில் வேலை, காப்புறுதி கிடையாது. டிசம்பரில் வந்தால் அந்தப் பல்லை அடைப்பதைவிடப் பிடுங்குவதுதான் மலிவு. அப்படிப் பிடுங்கிக்கொண்டு போன பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன்.

தாய் சாந்தினிக்குப் போன் எடுத்தேன்.

"ஏன் தங்கச்சி நேற்று வரேல்லை?"

"பஸ் பிந்திப்போச்சு அக்கா."

"போன கிழமையும் பஸ்தானோ?"

பைலில் இருந்த நேரத்தைப் பார்த்தேன்.

"செவ்வாய் மூண்டரை மணி. எனக்கு விளங்குது."

சிரித்துவிட்டாள். "விளங்கினா ஏனக்கா அந்த நேரத்தைத் தந்தனீங்கள்? ராகு காலத்திலை ஆரும் பிள்ளையின்ரை வாயிலை ஊசி போடுவிப்பினமோ?"

"போன் எடுத்துச் சொல்லியிருக்கலாமே."

"வெள்ளைக்கார டொக்டருக்கு என்னெண்டு சொல்லுறது? விசர் எண்டு நினைப்பார்."

அந்த நேரத்தைக் கொடுத்தது டொக்டரின் அட்டவணை. அரசு அட்டையில் வரும் பிள்ளைகளுக்கென்று பள்ளி விட்ட பிறகு செவ்வாய் பின்னேரத்தை ஒதுக்கியிருந்தார். எங்கள் ஆட்களைத் தவிர எல்லோருக்கும் வசதியான ஏற்பாடு.

டொக்டரிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"கெட்ட நேரமா? தினமும் வருமா?"

"தினமும் வரும். ஒவ்வொரு நாளும் வேறு நேரத்தில்."

"நான் விஞ்ஞானம் படித்தவன், மதாம்."

"உங்கள் அணி தோற்றுவிடும் என்று ஹொக்கி இறுதிச் சுற்று முடியும்வரை தாடி மழிக்காதவரும் நீங்கள்தான்."

தாடையைத் தடவினார். "இன்னும் ஒரு தடவை. செவ்வாய்தான், மூன்றரைதான். வராவிட்டால் மூடுங்கள்."

கிடைத்த இடம் நவம்பர் இரண்டாவது செவ்வாய். அன்று மாலையே நூலகத்துக்குப் போய் அந்த நாளின் சூரிய உதய, அஸ்தமன நேரங்களைப் பார்த்தேன். ராகு காலம் என்பது பகலை எட்டாகப் பிரித்தால் வரும் ஒரு பங்கு, செவ்வாயில் ஏழாவது. மூன்று முதல் நாலரை என்பது ஆறுக்கு விடிந்து ஆறுக்கு இருளும் ஊரின் கணக்கு. இங்கே அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தைப் பின்னுக்கு வைத்துவிடுவோம். நவம்பரில் நாலரைக்குள் சூரியன் போய்விடும். கூட்டிக் கழித்தால், இரண்டு மணியளவில் தொடங்கி மூன்றேகாலோடு முடிந்தது.

மறுபடி சாந்தினிக்குப் போன்.

"மூண்டரைக்கு ராகு காலம் முடிஞ்சிருக்கும் தங்கச்சி."

"கலண்டரிலை அப்பிடி இல்லையே."

"கலண்டர் யாழ்ப்பாணத்துச் சூரியனுக்கு. நீங்கள் இருக்கிறது மொன்ட்ரியாலிலை."

"ராகுவுக்கும் இஞ்சை ரைம் மாத்துறாங்களோ?" என்றவள், "இவரைக் கேட்டுச் சொல்லுறன்" என்றாள்.

"கேளுங்கோ. ஆனா டிசம்பரிலை பல்லுப் பிடுங்க விலை கேட்டுப் போன் எடுக்காதேங்கோ."

திரும்ப அவள் அழைக்கவில்லை. அந்தச் செவ்வாய் மூன்றேகாலுக்குப் பிறகும் நாற்காலிகள் வெறுமையாக இருந்தன. டொக்டர் வெளியே வந்து மணிக்கூட்டைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் பைலைக் கையில் எடுக்கவில்லை.

கதவு திறந்தது. தாயும் மகளும். அபிராவின் உதட்டைச் சுற்றிலும் சீனித்தூள்.

"ஒண்டரைக்கே வீட்டாலை வெளிக்கிட்டிட்டன்," என்றாள் சாந்தினி. "பள்ளிக்கூடத்திலை சொல்லிக் கூட்டிக்கொண்டு வந்து, முன்னாலை டோனட் கடையிலை இருந்தனாங்கள். ராகு காலம் துவங்க முன்னமே வெளிக்கிட்டா தோசமில்லை. உங்கட கணக்குக்கும் சரி, கலண்டருக்கும் சரி."

அபிரா டொக்டருக்குப் பிரெஞ்சில் பெருமையாக அறிவித்தாள்: "நான் மூன்று சாப்பிட்டேன்."

"முதலில் பல்லைத் துலக்கு," என்று அவளை உள்ளே கூட்டிப்போனார்.

பல் அடைக்கப்பட்டது, அரசு பணம் கொடுத்தது. பத்து வயதுக்குப் பிறகு தகப்பன் தன் கைக்காசில் வருடம் ஒரு தடவை அவளைச் சோதனைக்குக் கொண்டுவந்தார். பதிவு அப்படியே இருந்தது.

அதற்குப் பிறகு, பதிவை நீக்கும் முன்பு ஒரு போன் எடுப்பது எங்கள் நிலையத்தின் வழக்கமாயிற்று. வரவேற்பு மேசைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஏன் வரவில்லை என்று கேட்காதீர்கள். அது விசாரணை, சாக்குத்தான் கிடைக்கும். எந்த நேரம் சரிவராது என்று கேளுங்கள். அதற்கு எல்லோரும் உண்மையைச் சொல்கிறார்கள்.