எழுதாமல் விட்ட இளநீர்

அண்ணன் எவ்வளவு குடிக்கிறார், எவ்வளவு சலம் கழிக்கிறார் என்று கொப்பியில் எழுதுவது என் வேலை. ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்கு, பேனையை எடுத்தாலே கை வேர்க்கும். பிழையாக எழுதிவிட்டேனோ என்று போய்ப் போய்த் திறந்து பார்ப்பேன்.

அண்ணனுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டன. மாசத்தில் இரண்டு தரம் லிங்கநகரிலிருந்து கொழும்பு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே வயிற்றில் குழாய் விட்டு, மருந்துத் தண்ணியை ஏற்றி இறக்கி, உடம்பில் சேர்ந்த கழிவை எடுப்பார்கள். வீட்டுக்குத் திரும்பிய நோயாளிகளுக்கு ஏன் மறுபடி முற்றுகிறது என்று ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த டொக்டர்தான் அந்தக் கொப்பியைத் தந்தவர். நாளுக்கு மூன்று கிளாஸ் தண்ணி. இளநீர் வாயில் படவே கூடாது. அதிலுள்ள உப்பு இருதயத்தை நிற்பாட்டிப்போடும் என்றார். வெளியில் வர, சொல்வழி கேளாத ஆக்களுக்கு அடுத்த முறை கட்டில் கிடையாது என்று ஒரு நேர்ஸ் சொன்னா. டொக்டர் சொன்னதைவிட அதுதான் என்னைத் தின்றது.

அண்ணன் பெண்சாதி, என் மச்சாள், உப்புவெளிக்காரி. அங்கே சலம் கடுத்தால் செவ்விளநீர்தான் முதல் மருந்து. துறைமுகத்தில் மூட்டை தூக்கின மனிசனை நான் தண்ணி குடுக்காமல் கொல்லுகிறேன் என்று எங்கட ஒழுங்கை வீடுகள் முழுக்கக் கதை பரப்பினா. அவர் நாக்கு வறண்டு கிடக்க, என் முகத்துக்கு நேரே கேட்டா:

"ஏழாம் வகுப்பு டொக்டரம்மா, இண்டைக்கு எத்தினை சொட்டு விடுவீங்கள்?"

"உங்கட அப்பாவின்ர தென்னையை அண்ணன்ர தொண்டைக்குள்ள நடுங்கோவன்," என்றேன் நான்.

கொழும்புக்குப் போக வேண்டிய நாளுக்கு முதல்நாள் காலமை, குசினிக்குப் பின்னால் சாம்பல் மேட்டில் வெட்டிக் குடித்த இரண்டு செவ்விளநீர்க் கோம்பை கிடந்தன. ஈரம் காயவில்லை. எழுதினால் கட்டில் போய்விடும். எழுதாவிட்டால்? கொப்பியை நாலைந்து தரம் திறந்து மூடினேன். கடைசியில், மூன்று கிளாஸ் என்றே எழுதினேன். அன்றைக்கு நான் சண்டைக்கும் போகவில்லை. மச்சாள் கோம்பையையும் என்னையும் ஒருமாதிரிப் பார்த்தா.

கொழும்புக்கு மச்சாளும் வந்தா. டொக்டர் அண்ணனின் நாடியைப் பிடித்தவர் கையை விடவில்லை. ரத்தம் சோதித்து வந்ததும் கொப்பியைப் புரட்டி, குடித்ததெல்லாம் எழுதினதுதானா என்று என்னைக் கேட்டார். ஓம் என்றேன்.

"கொப்பி சரியெண்டால் நான் வேற காரணம் தேடி மினக்கெடோணும். அதுக்கு இவருக்கு நேரமில்லை."

நான் அண்ணனைப் பார்த்தேன். அண்ணனின் உதடு நீலம் பாய்ந்திருந்தது.

"நான்தான் இளநீர் குடுத்தனான்," என்றா மச்சாள். "ரெண்டு. இவவுக்கும் தெரியும்."

உடனே கட்டிலில் ஏற்றினார்கள். அந்த முறை அண்ணன் தப்பினார். வீட்டுக்கு விடுகிற நாள் டொக்டர் கொப்பியை மச்சாளின் கையில் கொடுத்து, இனி நீங்கள் எழுதுங்கோ என்றார். என் பக்கம் திரும்பவேயில்லை.

ரயிலில் அண்ணன் கண்ணயர்ந்த பிறகு அவ வாயைத் திறந்தா.

"காட்டிக் குடுக்காததுக்கு நன்றி சொல்லுவன் எண்டு பாத்தீங்களோ?"

"உங்களுக்காகச் செய்யேல்லை."

"தெரியும். அவருக்காகவும் செய்யேல்லை. உங்கட பயத்துக்குச் செய்தனீங்கள்."

அண்ணன் அதற்குப் பிறகு ஒன்பது மாசம் உயிரோடு இருந்தார். மச்சாள் ஒரு சொட்டு விடாமல் எழுதினா. இளநீர் பிறகு வீட்டுக்குள் வரவில்லை. கொப்பி இன்றைக்கும் அவவின் அலுமாரியில்தான். இரண்டு தரம் கேட்டுப் பார்த்தேன், தரவில்லை. மூன்று கிளாஸ் என்று நான் எழுதின அந்தப் பக்கத்தை அவ யார் யாருக்குக் காட்டியிருப்பா என்று, இப்பவும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.