மேற்படி என்று ருசித்த தேயிலை

என் அக்கா நாகலெட்சுமியைப் பற்றி எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் யாரும் ஒரு குறை சொல்லிக் கேட்டதில்லை. நானாவது சொல்லித்தான் ஆகவேண்டும்.

எண்பத்தேழில் அட்டனுக்கு அப்பால் ஒரு தேயிலை ஆராய்ச்சி நிலையத்தில் அவளுக்குத் தற்காலிக வேலை கிடைத்தது. தொழிற்சாலைகள் அனுப்பும் தேயிலையை அங்கே ருசி பார்த்து, 'கசப்பு', 'புகை வாடை' என்று எழுதி வைப்பார்கள். அந்தச் சொற்களை ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் ஒரு பட்டியலாகக் கொம்பியூட்டரில் ஏற்றி, புள்ளிவிவரத்துக்கென்றே உள்ள மொழியில் கட்டளை எழுதி, எந்தக் குறை அதிகம் என்று எடுப்பது அவள் வேலை. ஒரே கட்டளை எல்லாப் பட்டியலுக்குள்ளும் புகுந்து வருமாம். அவள் சொல்லச் சொல்ல அம்மா வாய் பார்த்துக்கொண்டிருப்பாள். கொழுந்து மூட்டை சுமந்து நான் வந்தால், காலைக் கழுவிவிட்டு உள்ளே வரச் சொல்லுவாள். முன்பெல்லாம் தோட்டத்தில் எங்களை மேய்க்கும் கண்டாக்கையாவின் நாய்க்குத் தாவணி கட்டிவிட அக்காவும் நானும் சேர்ந்துதான் போவோம். பார்த்தே இராத அந்தக் கொம்பியூட்டரை நினைத்தால் எனக்கு வயிறு எரிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் சோறு தின்னாமல் உட்கார்ந்திருந்தாள். மறுநாள் நிலையத்துப் பெரிய ஐயா முடிவைப் பார்ப்பார். சரியாக இருந்தால்தான் வேலை நிரந்தரம். கொம்பியூட்டரோ, நம் தேயிலையில் அதிகமுள்ள குறை 'மேற்படி' என்று சொல்லியிருந்தது. ஒரே குறை தொடர்ந்து வந்தால் கிளாக்கர்மார் கீழே மேற்படி என்று போட்டுவிடுவார்கள். இவள் அதை மாற்றாமலே சொற்களை அகர வரிசையில் அடுக்கிவிட்டாள். எந்த மேற்படி எதற்குக் கீழே இருந்தது என்பதே தெரியாமல் போய்விட்டது.

விழுந்து விழுந்து சிரித்தேன். வேலை போனால் பழையபடி வீட்டோடு இருந்துவிடுவாள் அல்லவா.

"சிரிச்சு முடிச்சிட்டியா?" என்றாள். "அடுக்காத பட்டியல் அப்படியே இருக்கு. மேலேயிருந்து ஒவ்வொண்ணா பாத்து, மேற்படி வர்ற எடத்துல முந்தின சொல்லப் போடச் சொல்லணும். அப்புறந்தான் எண்ணணும். மொத ரயிலப் புடிச்சா ஐயா வர்றதுக்குள்ள செஞ்சிருவேன்."

காலையில் ஒரே மழை. அவள் பெட்டியோடு நான் றொசல்ல ஸ்டேசனுக்கு முன்னால் ஓடினேன். ரயில் வந்து நின்றபோது அவள் மேட்டுப் பாதையில் வழுக்கிக்கொண்டிருந்தாள். நான் சும்மா நின்றாலே போதும், வேலை போய்விடும். ரயில் கார்ட் பச்சைக் கொடியைத் தூக்கினார். அவரிடம் ஓடி, பிள்ளைத்தாச்சிப் பொம்பளை ஒருத்தி வருகிறாள், கொஞ்சம் பொறுங்கள் மாத்தயா என்று சிங்களத்தில் கெஞ்சினேன். கொடி இறங்கியது. ஈர்க்குச்சி மாதிரி அக்கா வந்து ஏறியதும், அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

"அவருகிட்ட என்னடா சொன்ன?"

"ஒண்ணுமில்ல. நீ போ."

வேலை நிரந்தரமாயிற்று. தங்க அறையும் அங்கேயே கொடுத்துவிட்டார்கள். மாதத்துக்கு ஒரு தடவைதான் வருகிறாள். எல்லாம் கொம்பியூட்டர் தந்த வாழ்வு என்கிறாள் அம்மா. ரயிலைப் பிடித்து வைத்தது கொம்பியூட்டர் இல்லை என்று நான் இன்னும் சொல்லவில்லை.