மூன்று மணிக்குள் 1 அல்லது 2

பாசிர் ரிஸ்ஸில் ஒரு தனியார் குடியிருப்பில் நான் காவலாளி. பன்னிரண்டு மணி நேர வேலை. வாசலில் வந்து நிற்கிறவன் முதலில் திருடன், விசாரித்த பிறகுதான் விருந்தாளி. இந்தப் புத்தியைச் சீருடையோடு சேர்த்துக் கழற்றி வைத்துவிட்டு வர முடியாது. கைப்பேசிக்கு வரும் எஸ்எம்எஸ்ஸையும் அதே கண்ணால்தான் பார்த்தேன்.

எஸ்எம்எஸ் செத்துவிட்டது என்பார் என் மருமகன். சென்னையிலிருந்து வந்து இங்கே கணினி வேலை பார்ப்பவர். "இப்ப யாரு மாமா எஸ்எம்எஸ் அனுப்புறா? பேங்க்காரன் ஓடிபி அனுப்புவான், இல்லைன்னா திருட்டுப் பய அனுப்புவான். அவ்ளோதான்." எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. உங்கள் பார்சல் நிற்கிறது என்று வரும். உங்கள் காருக்கு அபராதம் என்று வரும். என்னிடம் சைக்கிள்கூடக் கிடையாது. மற்றவர்கள் இதையெல்லாம் அழித்துவிடுவார்கள். நான் பதில் எழுதுவேன். சும்மா விட்டால் அவனுக்குக் குளிர் விட்டுப்போகும்.

என் மனைவி தேக்கா சந்தைப் பக்கத்தில் ஒரு கடையின் மாடியில் ரவிக்கை தைக்கிறாள். இரண்டு கண்ணிலும் புரை. வலது கண் ரொம்ப மோசம். ஒரு நாள் வீட்டுக்கு வரும் புக்கிட் மேரா பேருந்து என்று நினைத்து எதிலோ ஏறி, பிடோக்கில் இறங்கி எனக்குப் போன் செய்தாள். "ஏங்க, நம்ம புளோக்கைக் காணோம்." நான் சிரித்தேன். அடுத்த வாரம் பச்சை ரவிக்கைக்கு நீல நூல் போட்டுவிட்டாள். அதற்குச் சிரிக்க முடியவில்லை. தீபாவளி வேலை தொடங்குவதற்குள் கண் சரியாகாவிட்டால் வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன் என்று கடைக்காரம்மா சொல்லிவிட்டார். மருத்துவமனை கொடுத்திருந்த தேதியோ தீபாவளிக்கும் பிறகு.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு காலையில், நான் வேலையில் இருந்தபோது என் கைப்பேசிக்கு அந்தச் செய்தி வந்தது. அனுப்பியவர் பெயர் இல்லை, வெறும் எண். கண் அறுவை சிகிச்சைக்கு இந்த வியாழன் காலை எட்டு மணிக்கு ஓர் இடம் காலியாகியிருக்கிறது. ஏற்க 1, மறுக்க 2. மூன்று மணிக்குள் பதில் தேவை.

எனக்கு ரத்தம் கொதித்தது. பெயர் இல்லை, அவசரப்படுத்துகிறான், வீட்டு விவகாரம் தெரிந்து வைத்திருக்கிறான். சமூக மன்றத்தில் மோசடி பற்றி நடந்த கூட்டத்தில் சொல்லிக்கொடுத்த மூன்று அடையாளமும் அப்படியே இருந்தன. "யார்ரா நீ?" என்று ஆங்கில எழுத்தில் தமிழை அடித்து அனுப்பினேன். உடனே பதில் வந்தது: புரியவில்லை, ஏற்க 1, மறுக்க 2. "நோயாளிகிட்டயே திருடுறியே, நீ விளங்குவியா?" என்றேன். மறுபடியும் அதே பதில். எனக்குப் பொறுமை போய்விட்டது. "2 அறை விட்டா எல்லாம் புரியும் உனக்கு" என்று எழுதினேன்.

பதில் வந்தது: நன்றி, உங்கள் மறுப்பு பதிவு செய்யப்பட்டது.

பயந்துவிட்டான் என்று நினைத்தேன்.

அவன் அனுப்பிய செய்தியைப் படம் பிடித்துக் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டேன். முப்பத்தெட்டுப் பேர். கட்டைவிரல்கள் வந்து குவிந்தன. மாலைக்குள் அது சிவப்பு வட்டம் போட்டு, "கண் நோயாளிகளைக் குறிவைக்கும் கும்பல்!" என்ற தலைப்போடு, கோயில் சமையல் தொண்டர்கள் குழு வழியாக எனக்கே திரும்பி வந்தது. இந்த ஊரில் நான் செய்த ஒரே சமூக சேவை என்று நெஞ்சு நிமிர்ந்தது.

சாப்பிடும்போது மனைவிக்குப் படித்துக் காட்டினேன். அவள் தோசையைப் பிய்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"வியாழக்கிழமை எட்டு மணின்னா போட்டிருக்கு?"

"ஆமா. எவ்வளவு துணிச்சல் பாரு."

"அது திருடன் இல்லைங்க. யாராவது வரலைன்னா எனக்குக் குடுங்கன்னு நான்தான் ஆஸ்பத்திரில சொல்லி வச்சேன்."

"என் நம்பரை ஏன் குடுத்தே?"

"கண்ணு தெரியாதவளுக்கு மெசேஜ் வந்தா யாரு படிக்கிறது? அன்னிக்கே சொன்னேன். டிவியைப் பாத்துக்கிட்டே 'ம்'னீங்க."

அவள் அழவில்லை, கத்தவும் இல்லை. அந்தத் தோசையை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாள். முப்பத்தோரு வருடக் குடித்தனத்தில் அவள் தோசையை மிச்சம் வைத்து நான் பார்த்ததில்லை.

மறுநாள் விடுப்பு போட்டுவிட்டு அவளை அழைத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போனேன். முகப்பில் இருந்தது தமிழ்ப் பெண். திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"அங்கிள், நீங்க டிக்லைன் பண்ணிட்டீங்க லா. அந்த ஸ்லாட் வேற ஆளுக்குப் போயிடுச்சு."

"நான் எங்கம்மா வேணாம்னு சொன்னேன்?"

"முதல்ல ரெண்டுன்னு நம்பர் போட்டிருக்கீங்க. சிஸ்டம் அதை மட்டும்தான் எடுக்கும். அதுக்கு அப்புறம் இருக்கிறது..." நிறுத்தினாள்.

"என்ன எழுதியிருக்காரு? படிம்மா," என்றாள் என் மனைவி.

"சத்தமாவா ஆன்ட்டி?"

"கண்ணுதானே தெரியாது. காது நல்லா கேக்கும்."

அந்தப் பெண் மூன்றையும் படித்தாள். வரிசையில் பின்னால் நின்ற சீனத் தாத்தா, புரியாமலே சிரித்தார்.

"இன்னொரு விஷயம் அங்கிள். காலைலேர்ந்து நாலு பேர் போன் பண்ணி இது ஸ்கேமான்னு கேட்டுட்டாங்க. யாரோ குரூப்ல போட்டு விட்டிருக்காங்க. அந்த ஆளு மட்டும் கையில கிடைச்சா..."

என் மனைவி என் பக்கம் திரும்பினாள். எனக்குக் கூரையில் இருந்த விளக்குகளை எண்ணுகிற வேலை வந்துவிட்டது.

அவள் பெயரை மறுபடியும் காத்திருப்புப் பட்டியலில் சேர்த்தார்கள். "மெசேஜ் வந்தா ஒண்ணு மட்டும் அடிங்க. வேற ஒண்ணுமே எழுதாதீங்க, ப்ளீஸ்," என்று அந்தப் பெண் கைகூப்பினாள்.

வெளியே வந்ததும் மனைவி சொன்னாள்: "முதல்ல எல்லார்கிட்டயும் சொல்லுங்க. நம்மளால இன்னொருத்தி கண்ணு போயிடக் கூடாது."

பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்து குழுவில் எழுதினேன்: நான் தவறு செய்துவிட்டேன், அது உண்மையான செய்தி, யாருக்கு வந்தாலும் 1 என்று பதில் போடுங்கள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. என் மைத்துனன் எழுதினான்: "உஷார்! மச்சான் போனை எவனோ ஹேக் பண்ணிட்டான். மச்சான் தப்பு பண்ணிட்டேன்னு என்னிக்காவது சொல்லியிருக்காரா?" எல்லோருக்கும் அது நியாயமாகப் பட்டது. என்னைக் குழுவிலிருந்து தூக்கிவிட்டார்கள்.

வேறு வழியில்லாமல் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எஸ்எம்எஸ் அனுப்பினேன். "அறிவுகெட்டவனே, நான்தான்டா" என்று தொடங்கினேன். உடனே நம்பினார்கள். மைத்துனனே போன் செய்து, "திட்டினப்பதான் மச்சான் நீங்கன்னு தெரிஞ்சுது," என்றான். கோயில் குழுவுக்கும் அவனே சொல்லிவிட்டான்.

அதற்குப் பிறகு எஸ்எம்எஸ் ஒவ்வொன்றையும் எழுத்து விடாமல் படித்தேன். கடன், சூதாட்டம், அமெரிக்க ஜெனரலின் விதவை, எவரையும் திட்டவில்லை. மருத்துவமனைக்குச் செயலி ஒன்று இருக்கிறதே, அதில் பாருங்கள் என்றார் மருமகன். அதைத் திறந்தால் புதிய பதிப்பு வேண்டும் என்றது, புதுப்பித்தால் கடவுச்சொல் கேட்டது, கடவுச்சொல் மறந்துவிட்டது என்றால் எஸ்எம்எஸ்ஸில் ஓர் எண் அனுப்புகிறேன் என்றது. செத்துப்போனவனைத்தான் சாட்சிக்குக் கூப்பிடுகிறான். கைப்பேசியை மூடி வைத்துவிட்டேன்.

பதினோரு நாள் ஆனது. நிலத்தடிக் கார் நிறுத்தத்தின் கீழ்த்தளத்தில் ரோந்து போய்க்கொண்டிருந்தேன். அங்கே இணையம் ஒரு கோடுகூட வராது. சட்டைப்பையில் டிங் என்றது. வெறும் எண். செவ்வாய் காலை ஒன்பது. ஏற்க 1.

1 அடித்தேன். சரிதானா என்று நான்கு முறை பார்த்தேன். "நன்றி" என்று சேர்க்கலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. வேண்டாம் என்று அப்படியே அனுப்பினேன். பதில் வரும்வரை ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

உங்கள் இடம் உறுதி செய்யப்பட்டது.

அறுவை சிகிச்சை முடிந்த மறுநாள் வலது கண்ணின் மூடியை எடுத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் அவள் கேட்ட முதல் பொருள் என் கைப்பேசி.

"கண்ணுக்கு ஓய்வு குடு," என்றேன்.

"டாக்டர் படிக்கலாம்னு சொன்னாரு."

இடது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு, நான் இத்தனை வருடமாக அனுப்பிய பதில்களை ஒவ்வொன்றாகப் படிக்கத் தொடங்கினாள். சிலவற்றுக்குச் சிரித்தாள். சிலவற்றுக்கு, "சீ, இதெல்லாம் ஒரு எழுத்தா?" என்றாள். ஓரிடத்தில் விரல் நின்றது.

"இது யாரு? 'கீழ நிக்கிறேன் சார், எந்த மாடி'ன்னு கேட்டிருக்கான். நீங்க 'எமலோகம், ஏழாவது மாடி'ன்னு போட்டிருக்கீங்க."

"பார்சல் திருடன்."

"போன தைப்பூசத்துக்கு முன்னாடி. நான் என் தையல் மெஷினுக்கு மோட்டார் சொல்லி வச்சது அப்பத்தான். வரவே இல்லை."

அவள் திரையைக் கண்ணருகே கொண்டுபோகவில்லை, தள்ளியும் பிடிக்கவில்லை. மடியில் வைத்தபடியே கீழே கீழே போய்க்கொண்டிருந்தாள். ஓர் எழுத்தைக்கூட விடவில்லை.